ஏழாம் குடுவை

அந்தக் கட்டடத்தில் அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருப்பதே பாதிப் பேருக்கு மறந்துபோயிருந்தது. "சிஐடி அக்கா" என்றால்தான் தெரியும். ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருடமாக உதவியாளர் வேலை. பால் பாக்கெட்டில் தேதியைப் பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. அவள் அந்தத் தேதியை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு வாங்குவாள். வீட்டுக்கு வருகிறவர்கள் "சும்மாதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. சும்மா எவனாவது வருவானா?

அப்படிப்பட்டவள் ஒரு திங்கட்கிழமை காலை இன்குபேட்டரைத் திறந்தபோது, உள்ளே பன்னிரண்டு குடுவைகளும் கலங்கி நின்றன.

இன்குபேட்டர் ஆளுயரப் பெட்டி. உள்ளே உடம்புச் சூடு மாறாமல் இருக்கும். அடித்தட்டு மெல்லக் குலுங்கிக்கொண்டே இருக்கும். பன்னிரண்டு குடுவையிலும் ஒரே தாய்வழி வந்த பாக்டீரியா. அதுகளுக்குத் தின்னத் தெரிந்த சர்க்கரை ஒரு சிட்டிகைதான். தின்னத் தெரியாத வேறொரு சர்க்கரை குடுவை நிறையக் கரைந்திருக்கும். கண்ணெதிரே விருந்து, வாயில் பூட்டு. தினமும் காலையில் பழைய குடுவையிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் புதுக் குடுவைக்கு மாற்றுவது அவள் வேலை. ஐந்து மாதமாக மாற்றிக்கொண்டிருந்தாள். ஐந்து மாதமும் கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல ஒரு மங்கல், அவ்வளவுதான். இன்றைக்கோ பால் கலந்த தண்ணீர் மாதிரி இருந்தது. பூட்டைத் திறந்துவிட்டன என்று அர்த்தம். பன்னிரண்டும், ஒரே நாளில்.

வேறு யாராக இருந்தாலும் குதித்திருப்பார்கள். அவள் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள். "எவன் கை வெச்சது?" என்று வாய்க்குள் கேட்டுக்கொண்டாள்.

மேடத்துக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. மேடம்தான் ஆய்வுக்கூடத் தலைவி. ஐம்பத்தைந்து வயதிலும் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டுகிற ஒல்லி உடம்பு. இருபது வருடமாக அவர் ஒரே பிடியில் நின்றார்: செல் என்பது வெறும் பை இல்லை, அதற்குத் தன் நிலைமை தெரியும், தேவை வந்தால் தன் மரபணுவைத் தானே திருத்திக்கொள்ளும், பரிணாமமே அந்தப் புத்தியின் வேலைதான். கருத்தரங்குகளில் அவர் பேசி முடித்ததும் பின்வரிசையில் சிரிப்புக் கேட்கும். அந்தச் சிரிப்பை அவர் இருபது வருடமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். கலங்கிய குடுவைகளைப் பார்த்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, "படிச்சிருச்சுங்கடி!" என்றார். பதினெட்டு வருடத்தில் அவர் "டி" போட்டு அவள் கேட்டதில்லை.

மரபணுவைப் படித்துச் சொல்கிற இடத்துக்கு மாதிரிகள் போயின. இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. பன்னிரண்டிலும் ஒரே மாற்றம். மரபணு எழுத்து வரிசையில் ஒரே இடத்தில் ஒரே ஓர் எழுத்து.

அந்தக் காகிதம் வந்த அன்றைக்கு அவளுடைய அண்ணனும் அங்கே இருந்தார். கட்டடத்தின் குளிர்ப்பெட்டி, சூட்டுப்பெட்டி எல்லாவற்றுக்கும் அவர்தான் மெக்கானிக். இன்குபேட்டரின் பின்பக்கத் தகட்டைக் கழற்றி விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"லட்சக்கணக்கான எழுத்து இருக்கு. கண்ணை மூடிக்கிட்டுக் கல்லெறிஞ்சா பன்னெண்டு கல்லும் ஒரே இலையில போய் விழுமா? கண்ணைத் திறந்துக்கிட்டுத்தான் எறிஞ்சிருக்கு" என்றார் மேடம், காகிதத்தைக் கொடி மாதிரி ஆட்டிக்கொண்டு.

பெட்டிக்குப் பின்னாலிருந்து அண்ணன் குரல் வந்தது. "எறிஞ்சது அதுங்கதான்னு எப்படிச் சொல்றீங்க மேடம்?"

"வேற யாரு எறிவா?"

"இந்த விசிறி நான் மாட்டினது. சூடு ஏறினா தானா சுத்தும். அதைப் பாத்துட்டு விசிறிக்குப் புத்தி இருக்குன்னு யாராச்சும் சொன்னா எனக்குச் சிரிப்பு வரும். மாட்டினவன்னு ஒருத்தன் இருக்கான்ல?"

"உங்க விசிறி கெட்டுப்போனா நீங்க வந்து பாக்கணும். என் செல்லு தானே சரிபண்ணிக்குது. அதான் வித்தியாசம்."

"ஆளே வராம சரியாகற மாதிரி மாட்டியிருக்கான்னா, அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். அவ்வளவுதான் மேடம்."

மேடம் சிரித்துவிட்டார். அண்ணனும் தலையை நீட்டிச் சிரித்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அந்த எழுத்தை எழுதியது செல்லா கடவுளா என்று இவர்கள் மல்லுக்கு நிற்கிறார்கள். ஒரு குடுவையில் தற்செயலாக வந்த மாற்றத்தை எவனோ ஒருவன் சொட்டுச் சொட்டாக மற்ற பதினொன்றுக்கும் பரப்பியிருக்கலாமே என்று இருவரில் ஒருவருக்காவது தோன்றுகிறதா? அப்படிப் பரப்பியிருந்தால் பன்னிரண்டிலும் ஒரே எழுத்துத்தானே இருக்கும்?

பெட்டிச் சாவி மூன்று பேரிடம் இருந்தது. ஒன்று அவளிடம். அவள் கை பதினெட்டு வருடத்தில் ஒரு துளி இடம் மாற்றிச் சிந்தாத கை. அதை அவள் கணக்கிலேயே எடுக்கவில்லை. இன்னொன்று மேடத்திடம். இருபது வருடச் சிரிப்புக்குப் பதில் சொல்ல அவருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. மூன்றாவது அண்ணனிடம்.

அண்ணனையும் அவளால் கணக்கிலிருந்து விட்டுவிட முடியவில்லை. மூன்று வருடத்துக்கு முன் அண்ணி புற்றுநோயில் போனாள். அதற்குப் பிறகு அண்ணன் வாராவாரம் ஒரு கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தார். அங்கே ஒரு பேச்சாளர் இருந்தார். எல்லோரும் அவரை 'ஐயா' என்றார்கள். உயிர்கள் எல்லாம் படைத்தவன் போட்ட திட்டப்படி நடக்கின்றன, ஒரு புல்கூடத் தானாக முளைக்கவில்லை என்பது ஐயாவின் பேச்சு. அண்ணன் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தங்கை வீட்டுக்குத்தான் வருவார். சாப்பிட்டுக்கொண்டே ஐயா சொன்னதை ஒப்பிப்பார். பன்னிரண்டு குடுவையில் ஒரே எழுத்து என்றால் ஐயாவுக்கு அது அல்வா சாப்பிடுவது மாதிரி இருக்காதா?

"உன் அண்ணன் ஒரு எறும்பைக்கூட மிதிக்கமாட்டாரு. அவரு போயி உன் குடுவையில கலப்படம் பண்ணுவாராக்கும்?" என்றார் அவள் வீட்டுக்காரர். பஸ் ஓட்டுகிறவர். எந்தப் பிரச்சினைக்கும் பிரேக் போட்டுப் பேசுகிற ஆள்.

"நல்லவங்கதான் நம்பிக்கைக்காக எதையும் செய்வாங்க."

"அப்ப மேடம்?"

"அவங்களும் நல்லவங்கதான்."

"நானு?"

"உங்ககிட்டச் சாவி இல்ல."

மேடம் சோதனையை முதலிலிருந்து இன்னொரு தடவை செய்யச் சொன்னார். ஒரு தடவை வந்தது அதிர்ஷ்டம், இரண்டாம் தடவையும் வந்தால்தான் உண்மை என்று அவரே சொன்னார். இந்தத் தடவை பட்டினியைக் கொஞ்சம் கடுமையாக்கினார். அந்த இரண்டாம் சோதனையில்தான் சிஐடி தன் பொறியை வைத்தாள்.

ஃப்ரீசரில் அதே பாக்டீரியாவின் இன்னொரு வகை இருந்தது. எல்லாவற்றிலும் ஒன்றேதான், ஒரு குறிப்பிட்ட உணவுத் தட்டில் பரப்பினால் மட்டும் ஒன்று வெள்ளைப் புள்ளியாக வளரும், மற்றது சிவப்புப் புள்ளியாக வளரும். குடுவையில் இருக்கும்போது எந்தக் கொம்பனாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஒற்றைப்படைக் குடுவைகளில் வெள்ளையையும் இரட்டைப்படைக் குடுவைகளில் சிவப்பையும் போட்டாள். ஒரு குடுவையிலிருந்து பக்கத்துக் குடுவைக்கு ஒரு சொட்டுப் போனாலும் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். இதை மேடத்திடமும் சொல்லவில்லை, அண்ணனிடமும் சொல்லவில்லை. ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, உறையில் ஒட்டி, வீட்டில் தையல் சாமான் டப்பாவுக்குள் வைத்தாள். போதாததற்குத் தினமும் குடுவை மாற்றுவதற்கு முன்னால் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துளி எடுத்துச் சின்னக் குழாயில் அடைத்துத் தேதி எழுதி ஃப்ரீசரில் போட்டுவைத்தாள்.

மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் மாதத்தில் ஒரு புதன்கிழமை இரண்டாம் குடுவை கலங்கியது. ஒன்பது நாள் கழித்துப் பதினொன்றாம் குடுவை. பிறகு ஐந்து. பிறகு ஒரு சனிக்கிழமை ஆறு. ஒரே நாளில் இல்லை, ஆளுக்கொரு நாள்.

அந்தச் சனிக்கு மறுநாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமையும் காலையில் அவள் ஒரு மணி நேரம் வந்து குடுவை மாற்றிவிட்டுப் போவாள். அன்றைக்கு மாற்றிய பிறகு போகவில்லை. பக்கத்தில் இருந்த சாமான் அறைக்குள் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். கதவில் ஒரு விரற்கடை இடைவெளி விட்டாள். கட்டடத்தில் ஈ காக்கை இல்லை. மதியம் இரண்டு மணிக்கு நடைபாதையில் செருப்புச் சத்தம் கேட்டது.

அண்ணன்தான். தோளில் கருவிப் பை. அன்றைக்கு எந்த இயந்திரமும் பழுதில்லை, அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவர் மேஜைக்குப் போனார். அவளுடைய குறிப்பேட்டைத் திறந்து, செல்போனை எடுத்து, பக்கம் பக்கமாகப் படம் பிடித்தார். பிறகு இன்குபேட்டரைத் திறந்தார். கதவு அவள் பக்கமாகத் திறந்ததில் அவருடைய கைகள் மறைந்துவிட்டன. குனிந்த தலை மட்டும் தெரிந்தது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். கதவைச் சாத்தினார். போய்விட்டார்.

கூடப்பிறந்தவன். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். அவள் கல்யாணத்தன்று வாசலில் நின்று அழுதவன்.

கேட்டுவிடலாமா என்று நினைத்தாள். கேட்டால் உஷாராகிவிடுவார். தட்டு சொல்லட்டும்.

மறுநாள் திங்கட்கிழமை. குடுவை மாற்றும்போது கண் முழுக்கக் கதவின் மேலேயே இருந்தது. இயந்திரங்களின் மாதாந்திரச் சோதனைக்கு அண்ணன் வருகிற நாள் அது. நடைபாதையில் யார் நடந்தாலும் கழுத்து திரும்பியது. ஒவ்வொரு குடுவைக்கும், சொட்டு உறிஞ்சுகிற பிப்பெட்டின் முனையில் புது பிளாஸ்டிக் குழல் மாட்ட வேண்டும். ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு குழல். பன்னிரண்டு குடுவையும் முடிந்த பிறகு வரிசையில் ஒரு குழல் மிச்சம் நின்றது. "எண்ணக்கூடத் தெரியாம அடைச்சு அனுப்பறானுங்க" என்று டப்பா விற்கிற கம்பெனிக்காரனைத் திட்டிவிட்டு மூடினாள்.

புதன்கிழமை ஏழாம் குடுவை கலங்கியது. அடுத்த மூன்று வாரத்தில் மிச்சம் இருந்ததும் ஒன்று ஒன்றாகக் கலங்கியது.

கடைசிக் குடுவை கலங்கின வாரம்தான் அந்தப் படம் செல்போன்களில் பரவியது. அவள் கையெழுத்தில் இருந்த குறிப்பேட்டுப் பக்கம். முதல் சோதனையின் முடிவு. மேலே பெரிய எழுத்தில், "ஆய்வுக்கூடமே ஒப்புக்கொண்டது! உயிரைத் திட்டமிட்டு எழுதிய கை ஒன்று உண்டு!" என்று போட்டிருந்தது. துறைத்தலைவரின் செல்போனுக்கே அவருடைய மாமனார் அனுப்பியிருந்தார். காலை பத்து மணிக்கு மேடம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"கதவைச் சாத்துங்க" என்றார்.

'சாத்து' என்றுதான் எப்போதும் சொல்வார். இன்றைக்கு 'ங்க' வந்துவிட்டது. அந்த இரண்டெழுத்தில் அவளுக்கு எல்லாம் புரிந்தது.

"இது உங்க கையெழுத்து. பூட்டின அறையில இருக்கிற நோட்டு. நான் கேக்கறது ஒண்ணுதான். எவ்வளவு நாளா இப்படி?"

"நான் குடுக்கல மேடம்."

"அப்ப யாரு?"

அண்ணன் பெயர் நாக்கு நுனி வரை வந்து நின்றது. மேடம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் அவள் மற்றவர்களைப் பார்த்த பார்வை இப்போது அவள் மேல் விழுந்தது. அது எப்படிச் சுடும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"சொல்றேன் மேடம். அதுக்கு முன்னால நீங்க வேற ஒண்ணு பாக்கணும். ரெண்டாவது சோதனையில நான் உங்களுக்குத் தெரியாம ஒரு வேலை பண்ணியிருக்கேன்."

வெள்ளை, சிவப்பு எல்லாவற்றையும் சொன்னாள். மேடத்தின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது.

"என் சோதனையில என்கிட்டயே மறைச்சா?"

"உங்க மேலயும் சந்தேகம் இருந்துச்சு மேடம்."

மேடம் நாற்காலியில் சாய்ந்தார். கோபத்தில் கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். "இருபது வருஷமா எனக்கே என் மேல இருக்கிற சந்தேகம்தான்" என்றார் கடைசியில். "தட்டுல பரப்பு. பாத்துடலாம்."

இரண்டு நாள் கழித்துப் பன்னிரண்டு தட்டுகளையும் மேஜையில் வரிசையாக வைத்தார்கள். வெள்ளை, சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை, சிவப்பு. ஏழாவது தட்டு வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். ரத்தப் புள்ளி வைத்தது மாதிரி தட்டு முழுக்கச் சிவப்பு. எட்டிலிருந்து மறுபடியும் எல்லாம் ஒழுங்கு.

ஏழாம் குடுவை தானாகக் கற்கவில்லை. ஆறாம் குடுவையிலிருந்தோ வேறு சிவப்புக் குடுவையிலிருந்தோ ஒரு சொட்டு அதற்குள் போயிருக்கிறது.

"எப்ப போச்சுன்னு கண்டுபிடிக்க முடியுமா?" என்று மேடம் கேட்டார்.

"முடியும்" என்றாள். அவள் மனசுக்குள் அந்த ஞாயிற்றுக்கிழமை ஓடிக்கொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் மறைந்த கைகள்.

ஃப்ரீசர் குழாய்களை அவள் தனியாகவே பரப்பினாள். ஏழாம் குடுவையின் சனிக்கிழமைத் துளி, ஞாயிற்றுக்கிழமைத் துளி, திங்கட்கிழமைத் துளி, செவ்வாய்க்கிழமைத் துளி. சனி வெள்ளை. ஞாயிறு காலை வெள்ளை. அண்ணன் வந்தது ஞாயிறு மதியம். திங்கள் காலை, குடுவை மாற்றுவதற்கு முன்னால் எடுத்த துளி சிவந்திருந்தால் முடிந்தது கதை.

திங்கள் வெள்ளை. ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லாத பால் வெள்ளை.

செவ்வாய் சிவப்பு.

தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தேதியை நகத்தால் சுரண்டினாள். திங்கள் காலைக்கும் செவ்வாய் காலைக்கும் நடுவில் அந்தப் பெட்டிக்குள் போன கை ஒன்றே ஒன்றுதான். அப்போதுதான் வரிசையில் மிச்சம் நின்ற அந்தக் குழல் அவள் கண்முன் வந்தது. கம்பெனிக்காரன் சரியாகத்தான் எண்ணியிருக்கிறான். கலங்கி இருந்த ஆறாம் குடுவையில் முக்கிய குழலைக் கழற்றாமல் ஏழாம் குடுவையிலும் முக்கியிருக்கிறாள். அண்ணன் வருகிறாரா என்று கதவைப் பார்த்துக்கொண்டே.

தட்டுகளைக் கழிவுப் பையில் போட்டுவிட்டால் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்ததைச் சொல்லிவிட்டால் பழி தானாகப் போய் அங்கே உட்கார்ந்துகொள்ளும். படம் பிடித்த குற்றம் எப்படியும் அவருடையதுதானே. அரைமணி நேரம் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நான்கு தட்டையும் ட்ரேயில் வைத்து மேடத்தின் அறைக்கு எடுத்துப்போனாள்.

"என் கைதான் மேடம்" என்றாள். நான்கு தட்டையும் தேதி வரிசையில் மேஜை மேல் அடுக்கினாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அண்ணன் வந்தார். தட்டு வைத்து, தண்ணீர் வைத்து, அவர் இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு கேட்டாள்.

"அண்ணா, அந்த நோட்டை நீதானே படம் எடுத்த?"

அவர் மறைக்கவில்லை. "ஐயா கேட்டாரு பாப்பா. ஆதாரம் ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும்னாரு. தப்புதான். இப்படித் தண்டோரா போடுவாருன்னு நெனைக்கல."

"பெட்டியைத் திறந்துக்கிட்டு ஏன் நின்ன?"

அவர் கை சோற்றிலேயே நின்றது. "நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"சாமான் ரூம்ல ஒளிஞ்சு உக்காந்திருந்தியா?"

வீட்டுக்காரர் டம்ளரை எடுத்துக்கொண்டு மெதுவாகச் சமையலறைப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

"நான் எதையாச்சும் கலந்துட்டேன்னு நெனைச்சியா பாப்பா?"

"ஆமா."

அண்ணன் பிசைந்த சோற்றைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினார். பேசியபோது குரல் மெலிந்திருந்தது. "உன் அண்ணி உடம்புல இருந்ததும் செல்லுதானே? மருந்து குடுக்கக் குடுக்க அது தப்பிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சுது. டாக்டரே சொன்னாரு, இது ரொம்பப் புத்திசாலின்னு. மேடம் சொல்ற மாதிரி செல்லுக்குப் புத்தி இருக்குன்னா, அவளைத் தெரிஞ்சேதான் தின்னுச்சா? எனக்கு அதைத் தாங்க முடியல. மேல ஒருத்தன் எழுதினான்னா, எனக்குப் புரியாத காரணம் ஒண்ணு இருக்கும்னு மனசைத் தேத்திக்கலாம். அன்னிக்குப் பெட்டியைத் திறந்து அதுங்ககிட்டத்தான் கேட்டேன். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதான்னு. வேற ஒண்ணும் இல்ல."

சோற்றை மூடிவைத்துவிட்டுக் கை கழுவினார். வாசலில் செருப்பைப் போடும்போது, "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். பதினோரு நாள் அவர் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

அந்தப் பதினோரு நாளில் அவள் காதுக்கு ஒரு சேதி வந்தது. அண்ணன் கூட்டத்துக்குப் போய், எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, படம் திருட்டுத்தனமாக எடுத்தது, அந்தச் சோதனையிலேயே ஏதோ கோளாறு இருக்கலாம் என்கிறார்கள், அதைத் திரும்பப் பெறுங்கள் என்று சொன்னாராம். ஐயா புன்னகையோடு கேட்டுவிட்டு, "ஆய்வுக்கூடத்துல உங்களுக்கு என்ன பேசச் சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டாராம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் நாற்காலியை இழுத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டார்களாம்.

படம் எடுத்தது அண்ணன் என்று அவளே சொன்ன பிறகு, மேடம் அந்த விவகாரத்தைத் துறைத்தலைவரிடம் தானே பேசி முடித்தார். மெக்கானிக்கின் சாவி திரும்ப வாங்கப்பட்டது; வேலை போகவில்லை. சிஐடிக்கு எழுத்துமூலம் ஓர் எச்சரிக்கை வந்தது. அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபோது, "முதல் சோதனையையும் சேத்துத் தூக்கிப் போட வேண்டியதுதான்" என்றார் மேடம். "பன்னெண்டும் ஒரே நாள்ல கலங்குச்சே, அதையும் இப்ப நம்ப முடியல. அதுல சிவப்பு வெள்ளை இல்ல, கண்டுபிடிக்கவும் வழியில்ல."

"அதுவும் என் கையாத்தான் இருக்கும் மேடம்."

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். தெரியாததைத் தெரியாதுன்னு எழுதிடுவோம்."

மீதிப் பதினொரு குடுவைகளின் மரபணு முடிவு வந்தது. எட்டில் அதே இடத்தில் மாற்றம். மூன்றில் வேறு வேறு இடங்கள். அந்த எட்டும் மாறிய இடத்தை மேடம் பெரிதாக்கிப் பார்த்தார். ஒரே எழுத்து எட்டு முறை அடுத்தடுத்து வருகிற இடம். நகலெடுக்கும்போது ஒன்று கூடவோ குறையவோ வழுக்கிப்போக வசதியான இடம். மேடம் அந்தத் தாளை அன்றைக்கு ஆட்டவில்லை. மேஜை மேல் வைத்து உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தார்.

பன்னிரண்டாம் நாள் அண்ணன் வேலையாக வந்தார். காவலாளி சாவியைக் கொண்டுவந்து திறந்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். அண்ணன் தங்கையைப் பார்த்தும் பார்க்காததுபோலத் தகட்டைக் கழற்றினார். மேடம்தான் பேச்சுக் கொடுத்தார்.

"வழுக்கற இடம் அது. அதான் எட்டும் அங்க விழுந்திருக்கு. புத்தின்னு நான் சொன்னதைப் பாதிக்குக் கொறைச்சுக்கறேன்."

"வழுக்கற இடத்தை அங்க வெச்சது யாரு மேடம்?" என்றார் அண்ணன். கேட்டார்தான், ஆனால் பழைய வேகம் இல்லை.

"வழுக்கினா நல்லதுன்னு செல்லே வெச்சிருந்தா?" என்றார் மேடம். அவர் குரலிலும் தெம்பு இல்லை.

அண்ணன் திருப்புளியைக் கீழே வைத்தார். "பாப்பா, ஒரு குடுவையில எத்தனை இருக்கும்?"

பதினோரு நாளுக்குப் பிறகு கேட்ட முதல் வார்த்தை. "பல கோடி இருக்கும்ணா."

"அதுல எத்தனைக்கு முதல்ல அந்த வழி தெரிஞ்சுது?"

"ஒண்ணுக்கு. அதோட பிள்ளைங்கதான் மத்ததெல்லாம்."

"மிச்சக் கோடி?"

"பட்டினிதான். ஒவ்வொரு தடவையும் பழைய குடுவையோட கொட்டிடுவோம்."

அண்ணன் மேடத்தைப் பார்த்தார். "புத்தி இருந்தா எல்லாத்துக்கும் இருந்திருக்கணும். அந்தக் கோடிக்கு ஏன் தெரியல?" பிறகு அவர் குரல் தாழ்ந்தது, அடுத்த கேள்வியைத் தனக்குத்தானே கேட்பதுபோல. "திட்டம்னு ஒண்ணு இருந்தா, கொட்டினதெல்லாம் எந்தத் திட்டத்துல சேத்தி?"

வாசலில் நின்ற காவலாளிகூடக் காதைத் தீட்டிக்கொண்டு உள்ளே பார்த்தார்.

"தெரியலண்ணா" என்றாள் அவள்.

அண்ணன் தலையசைத்தார். தகட்டை மாட்டி, நான்கு திருகாணியையும் இறுக்கினார். "சூடு அரை டிகிரி கூடக் காட்டுது. மாத்திட்டேன். நாளைக்கு ஒரு தடவை அளந்து பாரு" என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். போகவில்லை.

"ராத்திரி வீட்டுல என்ன?" என்று கேட்டார்.